"குழி ரொம்பிடுமே" என்ற பயத்துக்கு ஒரு கணக்கு

எங்கள் அம்மா ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே ஒரு பெரியம்மா வீட்டுக் கொல்லையில் அரசுத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை ஒன்று இருக்கிறது. கதவின் பெயிண்ட் கூட இன்னும் உரியவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே பாதி உயரத்துக்கு வரட்டி அடுக்கியிருந்தது. பேசின் மேல் ஒரு சாக்கு.

"ஏன் பெரியம்மா, இதுல போறதில்லையா?"

"மழைக்கு நனையாம இருக்கட்டும்னு வெச்சிருக்கேன் தம்பி. பேத்தி லீவுக்கு வந்தா எடுத்துட்டுக் கழுவி விட்டுருவேன். நாம எல்லாரும் தெனம் போனா குழி ரொம்பிடும்ல? அப்பறம் அதை யாரு அள்ளுறது?"

கழிப்பறை இருந்தும் கருவேலங்காட்டுக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பெரியம்மாவுக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. குழி எப்போது நிரம்பும், நிரம்பினால் யார் கை வைப்பது என்ற இரண்டு கேள்விகளையும் அவர் சரியாகவே கேட்கிறார். கழிப்பறை கட்டிக் கொடுத்தவர்கள் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். கிராமத்துச் சுகாதாரம் என்ற பெரிய விஷயத்தில் மற்றதெல்லாம் இந்தக் குழியைச் சுற்றித்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கழிப்பறை எதற்கு என்பதை ஒரு வரியில் வைத்துக்கொள்வோம். ஒருவர் வயிற்றிலிருந்து வெளியேறியது இன்னொருவர் வாய்க்குள் போகாமல் தடுப்பதற்கு. கேட்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு எல்லாமே இப்படித்தான் பரவுகின்றன. கை, ஈ, தண்ணீர், மண், சோறு என்று ஐந்து வழிகள். வெளியில் கிடக்கும் மலத்தில் உட்கார்ந்த ஈ அடுப்படிக்கு வரும். மழை அதைக் கரைத்துக் குளத்துக்குக் கொண்டுபோகும். அந்த மண்ணில் விளையாடிய பிள்ளை விரலைச் சப்பும். ஒரு பெண் உருண்டைப்புழு ஒரு நாளைக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் இடுகிறது. அவை மலத்தோடு மண்ணுக்கு வந்து, மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், கெடாமல் கிடக்கும்.

கொக்கிப்புழு இன்னும் ஒரு படி மேலே. அது வாய் வழியாக வரவேண்டும் என்ற அவசியமே இல்லை. ஈர மண்ணில் பொரித்த அதன் இளம்புழு, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். விடிவதற்கு முன் வெறுங்காலோடு கொல்லைக்குப் போய் வரும் ஒரு பெண்ணுக்கு "எந்நேரமும் அசதியா இருக்கு" என்று இருந்தால், அதற்குக் காரணம் அந்தக் கொல்லையே ஆக இருக்கலாம். பள்ளியில் வருடம் இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். ஆனால் மண் அப்படியே இருந்தால் மாத்திரை போட்ட பிள்ளைக்குப் பூச்சி திரும்பவும் வந்துவிடும்.

சரி, குழிக்கு வருவோம்.

பெரியம்மாவின் முதல் கேள்வி: எப்போது நிரம்பும்?

மலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். மூத்திரமும், கழுவும் தண்ணீரும், ஊற்றும் தண்ணீரும் சேர்ந்தால் குழிக்குள் போவதில் பெரும்பகுதி தண்ணீரே. குழியின் பக்கவாட்டில் ஓட்டை இருந்து, சுற்றிலும் மண் இருந்தால் இந்தத் தண்ணீர் முழுக்க மண்ணுக்குள் இறங்கிவிடும். மிச்சமிருக்கும் திடப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அப்படித் தின்றதில் ஒரு பங்கு வாயுவாக மாறி, அதுவும் மண்ணுக்குள்ளேயே கலைந்துபோகும். கடைசியில் குழியில் தங்குவது கொஞ்சம்தான். ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு சுமார் 45 லிட்டர் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் குழி அளவு போடுகிறார்கள். அதாவது மூன்று தண்ணீர்க் குடம். ஒரு முழு வருடத்துக்கு ஒரு மனிதர் விட்டுச்செல்வது அவ்வளவே.

இப்போது கணக்கைப் போடுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் வருடத்துக்கு 225 லிட்டர். மூன்று வருடத்துக்கு 675 லிட்டர். ஒரு மீட்டர் அகலமான வட்டக் குழியில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 785 லிட்டர் பிடிக்கும். ஆக, மூணேகால் அடி அகலம், குழாய் வாய்க்குக் கீழே மூணேகால் அடி ஆழம் என்று ஒரு சின்னக் குழி போதும். ஐந்து பேரும் தினமும் தவறாமல் போனாலும் மூன்று வருடம் தாங்கும். ஓர் ஆள் இடுப்புக்கு மேல் தெரிய நிற்கும் அளவு ஆழம்தான் அது.

நம் ஊரில் வெட்டுவது இப்படி இல்லை. பத்தடி, பதினைந்தடி தோண்டி சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, "இனி நம்ம ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று மூடிவிடுவார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் பயத்தில் தோண்டிய ஆழம்தான் சிக்கலையே கொண்டுவருகிறது. ஆழமாகப் போகப் போக நிலத்தடித் தண்ணீரை நெருங்குகிறோம். கீழே எப்போதும் ஈரம் இருப்பதால் அது ஒருநாளும் மக்கி மண்ணாவதில்லை, சேறாகவே கிடக்கும். என்றைக்காவது நிரம்பினால் லாரி கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரு குழியில் இல்லை, இரண்டு குழியில் இருக்கிறது.

பேசினிலிருந்து வரும் குழாய் நேராகக் குழிக்குள் போகாமல், முதலில் ஒரு சின்னத் தொட்டிக்கு வருகிறது. செங்கல் வைத்துக் கட்டிய, ஓர் அடி அகலமான தொட்டி. அதற்குள் தரை கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும், இடது பக்கம் ஒரு குழி, வலது பக்கம் ஒரு குழி. கவட்டையின் ஒரு கையை ஒரு செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட வேண்டும். இப்போது எல்லாமே இடது குழிக்கு மட்டும் போகும். மூன்று வருடம் கழித்து அது நிரம்பியதும், தொட்டியின் மூடியைத் தூக்கி, செங்கல்லை வலப்புறத்திலிருந்து எடுத்து இடப்புறம் வைத்து அடையுங்கள். பத்து நிமிட வேலை. இனி வலது குழி வேலை செய்யும். இடது குழி தூங்கும்.

அந்தத் தூக்கத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மேலிருந்து புதிதாக எதுவும் விழாது. தண்ணீர் முழுக்க மண்ணில் வடிந்துவிடும். நோய்க்கிருமிகளுக்கு மனித உடம்புக்குள் கிடைத்த சூடும் சாப்பாடும் இங்கே கிடையாது. மண்ணின் நுண்ணுயிர்களோடு போட்டிபோட முடியாமல் நாளாக நாளாகச் செத்துப்போகும். பெரும்பாலான கிருமிகளுக்குச் சில மாதங்கள் போதும். கடைசி வரை பிடிவாதமாக இருப்பது உருண்டைப்புழு முட்டைதான். அதனால் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை, இரண்டு வருடம் குழியைத் தொடாமல் விடச் சொல்கிறார்கள். நம் கணக்கில் ஒரு குழி ஓய்வெடுக்கவே மூன்று வருடம் கிடைக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது.

திறக்கும்போது உள்ளே இருப்பது கறுப்பாக, பொலபொலவென்று, காப்பித்தூளை ஈரம் பண்ணிய மாதிரி இருக்கும். நாற்றம் இருக்காது. நான் முதல் முறை பார்த்தபோது, மூடியைத் திறக்கும் முன்பே துண்டை மூக்கில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் துண்டை அவிழ்த்துவிட்டேன். கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு மம்பட்டியால் வெட்டினால் முப்பது, நாற்பது சட்டி மண் வரும். தென்னை, வாழை, முருங்கை அடியில் போடலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெங்காயம் பாத்திக்கு மட்டும் வேண்டாம். ஒருவேளை திறந்ததும் ஈரமாக, வாடையோடு இருந்தால் அது இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். மூடிவிட்டு இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்டவே 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பக்கத்தில் கங்கதேவிபள்ளி என்ற ஊரில் ஒரு காரியம் நடந்தது. அப்போது மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், பல மாநில அதிகாரிகளையும் அழைத்துக்கொண்டு போய், ஓய்வில் விட்டிருந்த ஒரு கழிப்பறைக் குழிக்குள் தானே இறங்கி உரத்தை அள்ளினார். டில்லியில் செயலர் பதவியில் இருப்பவர் குழியில் நிற்கும் படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. எந்தச் சுவரொட்டியையும்விட அந்தப் படம் கூடுதலாகப் பேசியது என்று நினைக்கிறேன். இந்த முறையை இந்தியாவில் ஊர் ஊராகக் கொண்டுபோனதில் பெரிய பங்கு பிந்தேஷ்வர் பாடக்குக்கு உண்டு. கையால் மலம் அள்ளும் வேலையிலிருந்து மனிதர்களை விடுவிக்க வேண்டும் என்றுதான் அவர் 1970-இல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கினார்.

"யாரு அள்ளுறது?"

பெரியம்மா கேட்டதில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பேசாமல் குழியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

குழி நிரம்பினால் அதில் இறங்குவது யார் என்பதை நம் ஊர்கள் பிறப்பை வைத்து முடிவு செய்து வைத்திருந்தன. இன்னும் முழுக்க மாறவில்லை. ஒரு சாதியில் பிறந்தவர்கள் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டு, அவர்களைத் தொடவும் மறுத்தார்கள். இன்று அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரமாட்டோம் என்கிறார்கள். முழுக்க நியாயம். ஆனால் மற்றவர்கள் தங்கள் வீட்டுக் குழியைத் தாங்களே தொடத் தயாரில்லை. நடுவில் கழிப்பறை வரட்டி வைக்கும் இடமாகிவிடுகிறது.

2014-இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா என்ற ஐந்து வட மாநிலக் கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வேலை செய்யும் கழிப்பறை இருந்த வீடுகளிலேயே, நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் யாராவது ஒருவர் வெளியில்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆய்வாளர்கள் மக்களோடு பேசிக் கண்டதும் பெரியம்மா சொன்னதேதான்: சின்னக் குழி சீக்கிரம் நிரம்பும், அதைச் சுத்தம் செய்வது தீட்டு, ஆகவே பெரிய தொட்டி கட்டினால்தான் போவோம். அதே வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. தகுதியுள்ள வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐந்து வருடத்தில் கிராமங்களில் 10 கோடிக்கும் மேல் கழிப்பறைகள் கட்டியதாக அரசு அறிவித்தது. அது சின்ன வேலை இல்லை, நம் வீட்டுப் பெண்கள் இருட்டுக்காகக் காத்திருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சில ஊர்களில் காலையில் ஆட்களை நிறுத்தி விசில் ஊதி, வெளிக்குப் போகிறவர்களை அவமானப்படுத்தியதும் நடந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. குழியைப் பற்றிய பயத்தோடு இருப்பவரை விரட்டினால் அவர் இன்னும் தூரமாகப் போய் உட்காருவார். செங்கல்லை மாற்றி வைப்பது எப்படி என்று காட்டினால் வீட்டுக்குள் வருவார்.

செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். உண்மையான செப்டிக் டேங்க் என்றால் நான்கு பக்கமும் அடியும் பூசிய, கசியாத தொட்டி. கழிவு உள்ளே தங்கி அடியில் படியும், மேலே வரும் தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி அப்படியே இருக்கும், அதை ஓர் உறிஞ்சுகுழியில் விட்டாக வேண்டும். நம் ஊரில் அந்த உறிஞ்சுகுழியைக் கட்டுகிறவர் குறைவு. தெருச் சாக்கடைக்குக் குழாய் போட்டுவிடுவார்கள். வீடு சுத்தமாகிவிட்டது, தெரு கெட்டுப்போனது. அடியில் படியும் சேற்றைச் சில வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-இல் இதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாத இடங்களில் ஏரிக்கரையும் ஓடையும்தான் கதி.

மூடிய தொட்டியின் மிகப் பெரிய ஆபத்து அதன் காற்று. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும், பிராணவாயு இருக்காது. அழுகிய முட்டை வாடை வரும் என்பார்கள். ஆனால் அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், வாடை தெரியாது. இறங்கியவர் ஒரு மூச்சில் விழுவார். காப்பாற்ற இறங்கிய தம்பியும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான். செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. போன உயிருக்கு எந்தத் தொகையும் ஈடில்லை. "சும்மா ஒரு நிமிஷம் இறங்கிப் பாருப்பா" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்களும் இறங்காதீர்கள். ஈரமும் புதுக் கழிவும் இருக்கும் எந்தக் குழிக்கும் இது பொருந்தும். முழுக்க ஓய்வெடுத்து மண்ணாகிப்போன, மூடியைத் திறந்து வைத்து நன்றாகக் காற்றாட விட்ட, இடுப்பளவு குழியின் கதை வேறு. சின்னக் குழியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

கட்டும்போது கொத்தனார் பக்கத்தில் நில்லுங்கள்

இந்த முறை எளிமையானது, ஆனால் கட்டும்போது இரண்டு மூன்று இடத்தில் தவறினால் மொத்தமும் வீண். நான் மூடி தூக்கிப் பார்த்த பல வீடுகளில் கவட்டையின் இரண்டு கையும் திறந்தே கிடந்தன. இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன. அப்படியானால் ஓய்வெடுக்கக் குழியே இல்லை. இன்னும் சில இடங்களில் முதல் குழி நிரம்பி வழிந்து இரண்டாவது குழிக்குப் போகிற மாதிரி குழாய் வைத்திருந்தார்கள். அதுவும் தவறு. குழிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் மண்ணோடு இருக்க வேண்டும்.

குழியின் சுவர் தேன்கூடு மாதிரி இருக்கவேண்டும். ஒரு வரிசை செங்கல்லை நெருக்கிக் கட்டி, அடுத்த வரிசையில் செங்கல்லுக்குச் செங்கல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். அடியில் சிமெண்ட் போடக்கூடாது, வெறும் மண் போதும். நல்ல மனசோடு கொத்தனார் உள்பக்கம் பூசிக் கொடுத்துவிட்டால், குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். சீக்கிரமே நிரம்பும். அப்புறம் "சின்னக் குழி சரிப்படாது" என்று ஊரே சொல்லும். குழாய் நுழையும் இடத்துக்கு மேலே மட்டும் இடைவெளி இல்லாமல் கட்டி, மூடியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், மழைத் தண்ணீர் இறங்காது. காற்றுக் குழாய் தேவையே இல்லை, வாயு மண்ணுக்குள் போய்விடும்.

பேசின் வாங்கும்போது, சரிவு கூடுதலாக இருக்கும் கிராமப்புறப் பேசினைக் கேட்டு வாங்குங்கள். அதன் அடியில் வளைந்த பகுதியில் எப்போதும் 20 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும். வாடையும் ஈயும் மேலே வராமல் தடுப்பது அந்தச் சுண்டுவிரல் உயரத் தண்ணீர்தான். சரிவு நன்றாக இருப்பதால் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விடும். நகரத்து வீட்டுப் பேசினுக்கு இதைப்போல நான்கைந்து மடங்கு வேண்டும். அடிபம்பிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டில் இந்த வித்தியாசம்தான் கழிப்பறை பயன்படுமா, படாதா என்று முடிவு செய்கிறது. ஐந்து பேருக்குத் தினம் ஒரு குடமா, நாலு குடமா? சுமப்பது யார்?

குளிக்கும் தண்ணீரை இந்தக் குழிக்குள் விடாதீர்கள். அதற்குத் தனியாக ஓர் உறிஞ்சுகுழி போடலாம். தனிநபர் உறிஞ்சுகுழிகளை நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே பல ஊராட்சிகளில் வெட்டியிருக்கிறார்கள், அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வாழைக்கு விடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், குழியில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். மாதவிடாய்ப் பஞ்சைப் பேசினில் போட்டால் குழாய் அடைக்கும், குழியில் மக்கவும் செய்யாது. மூடியுள்ள ஒரு வாளியைக் கழிப்பறைக்குள்ளேயே ஒரு மூலையில் வையுங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் அதைத் துவைத்து நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மற்றத் துணிக்கு அடியில், இருட்டு மூலையில் காயப்போடுவதுதான் புண்ணுக்கும் அரிப்புக்கும் வழிவிடுகிறது. வீட்டு ஆண்கள் ஒரு கொடிக்கயிற்றை வெயில் படும் இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

கிணறு எங்கே இருக்கிறது?

எல்லா மண்ணுக்கும் இந்த முறை சரிவராது. குழியிலிருந்து இறங்கும் தண்ணீரோடு கிருமிகளும் இறங்கும். சுற்றியுள்ள மண்தான் அவற்றை வடிகட்டுகிறது. நாளாக நாளாகக் குழியின் சுவரைச் சுற்றி ஒரு வழவழப்பான படலம் உண்டாகி வடிகட்டலை இன்னும் நன்றாக்கும். ஆனால் மண் அந்த வேலையைச் செய்ய அதற்கு இடம் வேண்டும். குழியின் அடிக்கும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும் மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது இருக்க வேண்டும். குடிதண்ணீர்க் கிணறோ போரோ குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கிணறு மட்டும் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் வரும்.

வெடிப்பு விட்ட பாறை நிலத்தில் இந்த 33 அடியும் காப்பாற்றாது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் வடிகட்டப்படாமலேயே வெகுதூரம் ஓடிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே அடியில் சுண்ணாம்புக்கல், வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, குடிக்கப் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். காணிகள் சிறியவை, ஒரே வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும். தோட்டத்து உரமும் குழிகளிலிருந்து இறங்கும் கழிவும் சேர்ந்து கிணற்று நீரில் நைட்ரேட்டைக் கூட்டியிருப்பது நெடுங்காலமாகப் பேசப்படும் பிரச்சினை. நைட்ரேட்டைக் கொதிக்க வைத்தாலும் போகாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

நாகப்பட்டினம் போன்ற கடலோரத்திலும் டெல்டாவிலும் வேறு சிக்கல். மூன்றடி தோண்டினாலே தண்ணீர். அங்கே குழியைத் தரைக்கு மேலே மேடை மாதிரி உயர்த்திக் கட்டலாம். இல்லாவிட்டால் தோண்டவே தேவையில்லாத உலர் கழிப்பறை. அதில் மூத்திரமும் கழுவும் தண்ணீரும் தனித்தனி வழியில் வெளியேறிவிடும், மலம் மட்டும் தரைக்கு மேலுள்ள அறையில் விழும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். இதிலும் இரண்டு அறைகள், மாற்றி மாற்றி. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் இந்த வகைக் கழிப்பறைகளை வீடுகளுக்கும் பொது இடத்துக்கும் கட்டியது. காவிரிக்கரையில் தண்ணீர் மேலேயே நிற்கும் ஊருக்கு அது பொருத்தமான யோசனை. பழக்கம் மட்டும் கொஞ்சம் மாற வேண்டும், கழுவும் இடத்துக்குத் தள்ளி உட்காரப் பழக வேண்டும்.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்த கை

குழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையில் ஒட்டியதைக் குழி தடுக்காது. வெறும் தண்ணீரில் அலசினால் கை சுத்தமான மாதிரி தெரியும், அவ்வளவுதான். சோப்பு கொழுப்பைப் பிரித்து, அதோடு ஒட்டிய கிருமிகளையும் கழற்றிவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. கழிப்பறை போய் வந்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், ஊட்டும் முன் கழுவினால் போதும்.

சின்னப் பிள்ளை மலத்தில் ஒன்றும் இருக்காது என்று நம்புகிறோம். அது தவறு. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவதே பிள்ளைகளுக்குத்தான், அதனால் அதில் கிருமி கூடுதலாகவே இருக்கும். சாணி மாதிரி அள்ளிக் குப்பையில் எறியாமல் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கழிப்பறைக்கு வெளியே குழாய் இல்லை என்றால், ஜிம்பாப்வேயில் உருவான ஒரு வழி இருக்கிறது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று. அதன் வாய்க்குச் சற்றுக் கீழே ஆணியைச் சூடு பண்ணி ஓர் ஓட்டை போடுங்கள். இரண்டு கவைக்கம்பு நட்டு, குறுக்கே ஒரு குச்சி வைத்து, கேனை அதன் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். கேன் வாயில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தரையில் கிடக்கும் ஒரு குச்சியில் கட்டுங்கள். அந்தக் குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து நூல் மாதிரி தண்ணீர் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். அழுக்குக் கை எதையும் தொடவேண்டாம், தண்ணீரும் மிக மிகக் குறைவு. சோப்பை ஒரு பழைய நைலான் வலையில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டால் காக்காய் தூக்காது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து கொடுத்தபோது, மிதிக்கும் ஆசைக்காகவே இரண்டு முறை கழுவினார்கள்.

பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிப் போனோம். நானும் அவர் மகனும் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். குழிகள் இரண்டும் சரியாகத்தான் இருந்தன, செங்கல்லும் தேன்கூடு மாதிரிதான் கட்டியிருந்தது. நடுத்தொட்டியில் இரண்டு கையும் திறந்திருந்தது. அண்ணன் ஒரு செங்கல்லை எடுத்து வந்து, களிமண் குழைத்து வலப்புறத்தை அடைத்தார். பெரியம்மா பக்கத்திலேயே குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். வரட்டி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. அண்ணன் கரித்துண்டை எடுத்துக் கதவின் உள்பக்கம் அன்றைய தேதியையும் "இடது குழி" என்பதையும் எழுதினார். உங்கள் வீட்டிலும் இரட்டைக் குழி இருந்தால் அந்த நடு மூடியைத் தூக்கி, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கதவில் தேதி எழுதிவிடுங்கள்.